கடைசி ஒலியைக் காதால் பிடிப்பது: ஆங்கில ரைமிங் சொற்களும் பொருளும்

‘ரைமிங் வேர்ட்ஸ் எழுதுக’ என்று கேள்வி வந்ததும் முதலில் கண் போவது சொல்லின் கடைசி எழுத்துகளுக்குத்தான். அதே எழுத்துகளில் முடியும் இன்னொரு சொல்லை எழுதிவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆங்கிலத்தில் இந்த வழி அடிக்கடி காலை வாரிவிடும். உணவைக் குறிக்கும் ஃபூட், நல்லதைக் குறிக்கும் குட், இரத்தத்தைக் குறிக்கும் பிளட் மூன்றும் எழுத்தில் ஓ-ஓ-டி என்றே முடிகின்றன. ஆனால் ஒன்றோடொன்று ரைம் ஆகாது. நீல நிறம் ப்ளூ, காலணி ஷூ, இரண்டு டூ, ‘வழியாக’ என்ற பொருளில் வரும் த்ரூ. இந்த நான்கின் கடைசி எழுத்துகள் நான்கு விதம். ஆனாலும் நான்கும் அருமையாக ரைம் ஆகின்றன.

ரைம் முழுக்க முழுக்க ஒலியைப் பற்றியது. எழுத்துக்கூட்டலுக்கு அதில் பங்கு கிடையாது. இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில், பொருளோடு கொடுத்திருக்கிறோம். தமிழில் எழுதும்போது சில ஆங்கில ஒலிகளின் வேறுபாடு மறைந்துவிடும். தமிழ் பேசுகிறவர்கள் ரைமில் தவறுவதும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் என்பதால் அவற்றைத் தனியாக விளக்கியிருக்கிறோம்.

விதி

சொல்லை உரக்கச் சொல்லுங்கள். அதில் அழுத்தம் விழும் உயிரொலி எது என்று பாருங்கள். அழுத்தம் ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயிரொலி தொடங்கிச் சொல் முடியும் வரை உள்ள பகுதியை ‘வால்’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சொற்களின் வால் ஒலி மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். வாலுக்குச் சற்று முன்னே வரும் மெய்யொலி வேறாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

பெல் என்பதில் வால் ‘எல்’. டெல் என்பதிலும் ‘எல்’. முன்னொலி மட்டும் மாறுகிறது, எனவே ரைம். இரவைக் குறிக்கும் நைட்டும், கவசம் அணிந்த குதிரைவீரனைக் குறிக்கும் நைட்டும் எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்று. முன்னொலியும் சேர்ந்து ஒன்றாகிவிடுவதால் அவை ரைம் அல்ல, ஒரே ஒலியுடைய இரு சொற்கள். பார்த்தல் என்ற ஸீயும் கடல் என்ற ஸீயும் அப்படியே. பயிற்சித்தாள்களில் இவற்றை ரைமிங் ஜோடி என்று போட்டிருப்பது அடிக்கடி கண்ணில் படும். அது பிழை.

தமிழ் யாப்பில் முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு. ஆங்கில ரைமுக்கு நெருங்கிய உறவு இயைபுதான். எதுகையை ரைம் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும் அது பொருந்தாது. இயைபுக்கும் ரைமுக்கும் இடையிலும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. இயைபில் ஒரே சொல் அடிதோறும் திரும்ப வரலாம், ரைமில் அதற்கு இடமில்லை. இயைபில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. ரைமில் அழுத்தம் விழும் இடம்தான் தொடக்கப் புள்ளி.

இரண்டு சொற்குடும்பங்கள்

ஒரே வாலுடைய சொற்களைச் சேர்த்துப் படிப்பது சிக்கனமான வழி. 1970இல் வைலி, டரெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, வெறும் 37 வால்களைக் கொண்டு தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் சந்திக்கும் ஏறத்தாழ 500 ஆங்கிலச் சொற்களை உருவாக்கலாம். ‘எல்’, ‘ஐட்’ இரண்டும் அந்த 37இல் அடங்கும்.

‘எல்’ வால்:
பெல் – மணி
டெல் – சொல்வது
செல் – விற்பது. உயிரணு, சிறை அறை என்ற பொருளில் வரும் செல்லுக்கும் ஒலி ஒன்றே
வெல் – நன்றாக; கிணறு
ஃபெல் – விழுந்தது
ஸ்மெல் – வாசனை, முகர்வது
ஷெல் – முட்டை, தேங்காய், நத்தை போன்றவற்றின் ஓடு
யெல் – கத்துவது
ஸ்பெல் – எழுத்துக்கூட்டிச் சொல்வது
ஸ்வெல் – வீங்குவது

‘ஐட்’ வாலில் எழுத்து பல வகை. லைட் (வெளிச்சம், எடை குறைந்த), ரைட் (சரி, வலது பக்கம்), டைட் (இறுக்கமான), ஃபைட் (சண்டை), பிரைட் (பளிச்சென்ற), ஃபிளைட் (பறத்தல், விமானப் பயணம்), ஸ்லைட் (சிறிதளவான), டிலைட் (பெருமகிழ்ச்சி) ஆகியவை ஐ-ஜி-எச்-டி என்று முடியும். இவற்றில் ஜியும் எச்சும் ஒலிப்பதே இல்லை. கைட் (காற்றாடி), வைட் (வெள்ளை), பைட் (கடிப்பது), பொலைட் (பணிவான), இன்வைட் (அழைப்பது) ஆகியவை ஐ-டி-இ என்று முடியும். உயரத்தைக் குறிக்கும் ஹைட் மட்டும் இ-ஐ-ஜி-எச்-டி. எல்லாமே ஒன்றோடொன்று ரைம். இந்த ஒரு குடும்பத்தை முழுதாகப் படித்தாலே எழுத்து வேறு, ஒலி வேறு என்பது மனதில் தங்கிவிடும்.

அழுத்தம் விழும் இடம்

ஓரசைச் சொற்களில், அதாவது ஒரே உயிரொலி உள்ளவற்றில், அழுத்தம் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மூன்று அசை வந்ததும் அதுதான் எல்லாம். தொடங்குவது என்ற பொருளுடைய பிகின் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. எனவே அது பின் (குண்டூசி), டின் (தகரம்), வின் (வெல்வது) ஆகியவற்றோடு ரைம் ஆகும். கேபின் (சிறு அறை) சொல்லில் அழுத்தம் முதல் அசையில். கடைசி ‘இன்’ வலுவில்லாமல் வந்து போகிறது. எனவே கேபினும் வின்னும் ரைம் ஆகா. அகராதி காட்டும் உச்சரிப்பில் ஹோட்டெல் பெல்லோடு சேரும். மாடல், கேமல் போன்றவை சேராது.

இதே காரணத்தால், ‘இங்’ என்று முடிகிறது என்பதற்காக சிங்கிங் (பாடுவது), வாக்கிங் (நடப்பது) இரண்டையும் ஜோடி சேர்க்கக் கூடாது. சிங்கிங்கின் வால் முதல் அசையிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு ஜோடி ரிங்கிங் (மணி ஒலிப்பது), பிரிங்கிங் (கொண்டுவருவது).

‘ஷன்’ என்று முடியும் சொற்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எல்லாமே ஒன்றுபோல் முடிவதாகத் தோன்றினாலும் ‘ஷன்’னுக்கு முந்தைய உயிரொலியில்தான் அழுத்தம். ஸ்டேஷன் (நிலையம்), நேஷன் (நாடு), வெகேஷன் (விடுமுறை), எஜுகேஷன் (கல்வி) ஒரு குடும்பம். மோஷன் (அசைவு), லோஷன் (தோலில் பூசும் நீர்மம்), புரமோஷன் (பதவி உயர்வு), ஓஷன் (பெருங்கடல்) இன்னொன்று. மிஷன் (மேற்கொண்ட பணி), கண்டிஷன் (நிலைமை, நிபந்தனை), டிரடிஷன் (மரபு), பெர்மிஷன் (அனுமதி), மஜிஷியன் (மந்திர வித்தை செய்பவர்) மூன்றாவது. மஜிஷியன் தமிழில் வேறு மாதிரி எழுதப்பட்டாலும் ஆங்கிலத்தில் அதன் முடிவும் ‘இஷன்’ என்றே ஒலிக்கும். ஸ்டேஷனுக்கும் மோஷனுக்கும் ரைம் இல்லை.

தமிழ்க் காது தவறும் இடங்கள்

தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் பேச்சில் ஆங்கிலச் சொல்லோடு ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது: லைட்டு, ரோடு, பஸ்ஸு. இதைத் தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ‘ட்’ ஒலியில் இந்த உகரமே நல்ல துப்பு தருகிறது. தொண்டை அதிராத ஒலியை நாம் இரட்டித்துச் சொல்கிறோம்: நைட்டு, நோட்டு, சீட்டு. தொண்டை அதிரும் ஒலியை இரட்டிப்பதில்லை: சைடு, ரோடு, லோடு. எனவே நோட்டு, கோட்டு, ஓட்டு ஒரு கூட்டம். ரோடு, லோடு, கோடு இன்னொரு கூட்டம். குறிப்பு, மேலங்கி, வாக்கு என்று முதல் மூன்றுக்குப் பொருள்; சாலை, சுமை, குறியீடு என்று அடுத்த மூன்றுக்கு. இரட்டித்தது இரட்டித்ததோடு சேரும், ஒற்றை ஒற்றையோடு சேரும். சைடு (பக்கம்), ரைடு (சவாரி), ஹைடு (ஒளிந்துகொள்வது), பிரைடு (மணப்பெண்), கைடு (வழிகாட்டி) எல்லாம் ஒற்றை. இவற்றை லைட், நைட் பட்டியலில் கலந்தால் தவறு.

‘ஸ்’ ஒலியில் இந்தத் துப்பு கிடைக்காது. பனிக்கட்டி ஐஸ், கண்கள் ஐஸ். தமிழில் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது சீறும் ‘ஸ்’. இரண்டாவது இசட் எழுத்தின் ஒலி, வண்டு ரீங்கரிப்பது போல் தொண்டையில் அதிர்வு தருவது. இரண்டு விரல்களைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அதிர்வில்லாத கூட்டம்: ரைஸ் (அரிசி), மைஸ் (எலிகள்), பிரைஸ் (விலை), ட்வைஸ் (இருமுறை), ஸ்லைஸ் (துண்டு), அட்வைஸ் (அறிவுரை). அதிரும் கூட்டம்: ரைஸ் (எழுவது), வைஸ் (அறிவுள்ள), சைஸ் (அளவு), பிரைஸ் (பரிசு), சர்ப்ரைஸ் (வியப்பு), அட்வைஸ் (அறிவுரை சொல்வது). விலையும் பரிசும் தமிழில் ஒரே எழுத்துதான். ஆங்கிலத்தில் அவை ரைம் ஆகக்கூட மாட்டா.

அடுத்த சிக்கல் ஏகாரம். ஃபேன், கிரேன் என்று தமிழில் எழுதினால் கச்சிதமான ரைம் போல இருக்கும். ஆங்கிலத்தில் ஃபேனில் வருவது வாயை அகலத் திறந்து சொல்லும், ஆவுக்கும் ஏவுக்கும் இடைப்பட்ட ஒலி. அதற்கு எழுத்து தமிழில் இல்லாததால் ஏ போடுகிறோம். கிரேனில் வருவது ‘எய்’ என்று முடியும் ஒலி. ஆகவே ஃபேன் (விசிறி), வேன், மேன் (மனிதன்), பேன் (வாணலி) ஒரு பக்கம். கிரேன் (பாரந்தூக்கி, கொக்கு வகைப் பறவை), ரெயின் (மழை), டிரெயின் (ரயில்), பிளேன் (விமானம்), லேன் (சந்து), செயின் (சங்கிலி) மறுபக்கம்.

ஆகாரத்திலும் இப்படி ஒன்று உண்டு. டால் (பொம்மை), பால் (பந்து) என்று எழுதுகிறோம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் பொம்மையில் வருவது உதடு குவித்த குறுகிய ஒலி, பந்தில் வருவது நீண்ட ஒலி. பந்தோடு சேர்பவை ஹால் (கூடம்), டால் (உயரமான), வால் (சுவர்), ஸ்மால் (சிறிய), ஷால் (சால்வை), கிரால் (தவழ்வது). பொம்மை சேராது. குறில் நெடில் வேறுபாடு தமிழில் ஊறிப்போனது என்பதால், கப்பல் ஷிப்பையும் ஆடு ஷீப்பையும் ஃபுல்லையும் ஃபூலையும் குழப்பாமல் பிரிப்பது நமக்கு எளிது.

எழுத்து ஏமாற்றுவது ஏன்

எழுத்தில் ஒன்றி ஒலியில் பிரியும் ஜோடிக்கு ‘ஐ ரைம்’, அதாவது கண்ணுக்கு மட்டும் ரைம் என்று பெயர். லவ் (அன்பு), மூவ் (நகர்வது), ஸ்டோவ் (அடுப்பு) மூன்றும் ஓ-வி-இ என்று முடிந்து மூன்று விதமாக ஒலிக்கின்றன. லவ்வுக்கு ஜோடி கிளவ் (கையுறை), மூவுக்கு ஜோடி ப்ரூவ் (நிரூபிப்பது), ஸ்டோவுக்கு ஜோடி டிரோவ் (ஓட்டினான்).

எல்லாவற்றுக்கும் மேல் ஓ-யு-ஜி-எச். இந்த நான்கு எழுத்துக்கு ஒரு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தோ (என்றாலும்) என்பது கோ, ஸ்னோவோடு ரைம். த்ரூ (வழியாக) ப்ளூவோடு. ரஃப் (சொரசொரப்பான) ஸ்டஃபோடு. காஃப் (இருமல்) ஆஃபோடு. பௌ (மரத்தின் பெருங்கிளை) கௌ என்ற பசுவோடு.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. அந்த ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உரசி வரும் மெய்யொலியாகவே ஒலித்தது. பிறகு சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் ‘ஃப்’ ஆனது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் பெரிய அளவில் இடம் மாறின. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே, 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சுப் பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்தது, ஒலி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபூட், குட், பிளட் மூன்றிலும் முன்பு ஒரே நெடில்தான் இருந்தது. வெவ்வேறு காலத்தில் குறுகியும் மாறியும் பிரிந்தன. 1609இல் வெளியான ஷேக்ஸ்பியரின் சானட்டுகளில், அதாவது பதினான்கு அடிக் கவிதைகளில், 116ஆவது ப்ரூவ்ட், லவ்ட் என்ற சொற்களில் முடிகிறது. இன்றைக்கு அது கண்ணுக்கு ரைம்; அன்றைய உச்சரிப்பில் காதுக்கும் ரைமாக இருந்திருக்கும் என்பது மொழியறிஞர் பலர் கருத்து.

நாட்டுக்கு நாடும் ஒலி மாறும். குமாஸ்தாவைக் குறிக்கும் கிளர்க் அமெரிக்காவில் வர்க்கோடு ரைம். பிரிட்டனில் அது ‘கிளாக்’ போல ஒலித்து, இருட்டைக் குறிக்கும் டார்க்கோடு ரைம். ஏ-பி-சி பாட்டு 1835இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பதிப்புரிமை பெற்றது. அங்கே கடைசி எழுத்தின் பெயர் ‘ஸீ’. அடுத்து வரும் ‘மீ’யோடு அது ஒன்றும். நம் பள்ளிகளில் ‘இசட்’ என்று பாடும்போது அந்த இடத்தில் ரைம் உடைவது இதனால்தான்.

ஒரே எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு ரைம் உள்ள சொற்களும் உண்டு. பொருளைத் தெரிந்துகொண்டால்தான் ஜோடியைத் தேட முடியும். ஆர்-இ-ஏ-டி ‘படி’ என்ற பொருளில் நீடோடு ரைம். ‘படித்தான்’ என்ற பொருளில் பெட்டோடு, அதாவது படுக்கையோடு ரைம். கண்ணீர் என்றால் டியர், காதான இயரோடு சேரும். அதே எழுத்து கிழிப்பது என்றால் டேர், கரடியான பேரோடு சேரும். காற்று விண்ட், சாவி கொடுப்பது வைண்ட், ஃபைண்டோடு சேரும். வாழ்வது லிவ், கிவ்வோடு. நேரலை லைவ், ஃபைவோடு.

-எஸ், -இடி சேரும்போது

பன்மைக்கும் இறந்தகாலத்துக்கும் ஒட்டும் எழுத்துகள் புதிய ஜோடிகளைத் தருகின்றன. பெட்டியைக் குறிக்கும் பாக்ஸ், பாறைகளான ராக்ஸ், காலுறைகளான சாக்ஸ் மூன்றும் ரைம். சீஸ் (பாலாடைக்கட்டி), பீஸ் (தேனீக்கள்), நீஸ் (முழங்கால்கள்), பிளீஸ் ஆகிய நான்கிலும் கடைசி ஒலி அதிரும் இசட்.

இறந்தகால -இடி மூன்று விதமாக ஒலிக்கும். பேக்ட் (மூட்டை கட்டினான்) சொல்லில் அதிராத ‘ட்’, எனவே ஃபேக்ட் (உண்மைத் தகவல்) ஜோடி. கெஸ்ட் (ஊகித்தான்) பெஸ்ட்டோடும் டெஸ்ட்டோடும் சேரும். பிளேய்ட் (விளையாடினான்) சொல்லில் அதிரும் ஒலி, ஆகவே மேட் (செய்தான்), ஷேட் (நிழல்) ஜோடி. வெயிட்டட் (காத்திருந்தான்) சொல்லில் ஓர் அசையே கூடுகிறது. ஜோடி ஹேட்டட் (வெறுத்தான்). மூன்றையும் ‘எட்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த ரைம் பட்டியலே நல்ல உச்சரிப்புப் பயிற்சி.

பட்டியல் தயாரிக்கும் முறை

‘இங்’ வாலை எடுத்துக்கொள்வோம். முதலில் வாலை மட்டும் மூன்று முறை உரக்கச் சொல்லுங்கள். பிறகு அகரவரிசையில் உள்ள மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாக முன்னே வைத்துப் பாருங்கள்: கிங் (அரசன்), ரிங் (மோதிரம்), சிங் (பாடுவது), விங் (சிறகு). அடுத்த சுற்றில் கூட்டெழுத்துகளை முன்னே வையுங்கள்: பிரிங் (கொண்டுவருவது), ஸ்பிரிங் (சுருள்கம்பி, வசந்தம்), ஸ்டிரிங் (நூல், கயிறு), ஸ்விங் (ஊஞ்சல்), ஸ்டிங் (கொட்டுவது), திங் (பொருள்). பலரும் முதல் சுற்றோடு நிறுத்திவிடுவார்கள். பட்டியல் வளர்வது இரண்டாம் சுற்றில்தான். மூன்றாவதாக, அதே ஒலிக்கு வேறு எழுத்துக்கூட்டல் உண்டா என்று பாருங்கள். ‘இங்’குக்குப் பெரிதாக இல்லை, ‘ஐட்’, ‘எய்ன்’ போன்ற வால்களில் நிறைய வரும்.

இப்படி ஓட்டும்போது நிங், ஜிங் போன்ற பொருளில்லாத சொற்களும் வரும். ஐந்து வயதுக் குழந்தை அவற்றைச் சொன்னால் தடுக்க வேண்டாம், காது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். எழுதும்போது மட்டும் அகராதியில் இல்லாததை அடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வால், ஆறு முதல் எட்டுச் சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் பொருளையும் ஒரு சிறு வாக்கியத்தையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டிங்கும் ஸ்டிரிங்கும் ஸ்பிரிங்கும் ஒரே வாரத்தில் குழம்பிவிடும்.

சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் உச்சரிப்பைப் பாருங்கள். சொல்லுக்கு அருகே இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் ஒலிக்குறிகள் இருக்கும். மேலே ஒரு சின்னச் செங்குத்துக்கோடு தெரிந்தால் அதற்கு அடுத்த அசையில் அழுத்தம். அந்த அசையின் உயிர்க்குறியிலிருந்து கடைசி வரை இரண்டு சொல்லின் குறிகளையும் ஒப்பிடுங்கள். நெடிலுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி இருக்கும், ‘ஸ்’ஸுக்கும் இசட்டுக்கும் தனித்தனிக் குறி இருக்கும். ஒரு குறி மாறினாலும் முழு ரைம் இல்லை. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கொடுத்திருந்தால் ஏதாவது ஒன்றையே தொடர்ந்து பின்பற்றுங்கள்.

ஜோடி இல்லாத சொற்கள்

மாதத்தைக் குறிக்கும் மந்த் சொல்லுக்கு அன்றாட ஆங்கிலத்தில் முழு ரைம் கிடையாது. ஆரஞ்சு, வெள்ளியைக் குறிக்கும் சில்வர், ஊதா நிறத்தைக் குறிக்கும் பர்ப்பிள் ஆகியவையும் இப்படித்தான். ஆரஞ்சுக்கு ஜோடி கேட்டால் வேல்ஸில் ப்ளோரெஞ்ச் என்ற மலைதான் இருக்கிறது. கவிதை எழுதும் மாணவர் இந்தச் சொற்களை வரியின் கடைசியில் வைத்தால் அடுத்த வரி நகராது. சொல்லை வரிக்குள்ளே தள்ளிவிட்டு, நிறைய ஜோடியுள்ள ஒன்றைக் கடைசிக்குக் கொண்டுவர வேண்டும். ‘ஆரஞ்ச் ட்ரீ’ என்று முடித்தால் ஸீ, மீ, கீ, பீ என்று எத்தனையோ சொற்கள் கிடைக்கும். ‘மந்த் இஸ் டன்’ என்று, அதாவது மாதம் முடிந்தது என்று முடித்தால் சன், ரன், ஃபன், ஒன் எல்லாம் அடுத்த வரிக்குக் கைகொடுக்கும்.